காணாம போன நாய், பூனை, கிளி: கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

பன்னெண்டு வருஷமா வேளச்சேரி, மடிப்பாக்கம் பக்கம் காணாம போன நாய் பூனையத் தேடி அலையுறவ நான். டாக்டர் எல்லாம் இல்ல, நடந்து நடந்து கத்துக்கிட்டதுதான்.

கேள்வி: அக்கா, எங்க பூனை வீட்ட விட்டு வெளியவே போனதில்ல. நேத்து பெயிண்டர் கதவ தொறந்து வெச்சுட்டார், ஆளக் காணோம். மூணாவது மாடி. எல்லா வாட்ஸ்அப் குரூப்லயும் போட்டோ போட்டாச்சு, பெருங்குடி வரைக்கும் பைக்ல சுத்தியாச்சு.

பதில்: மொதல்ல பைக்க ஸ்டாண்ட் போடுங்க தம்பி. வீட்டுப் பூனை ஓடிப் போகாது, ஒளிஞ்சுக்கும், அதுவும் பயந்து போச்சுன்னா நீங்க பக்கத்துல நின்னு பேர் சொல்லி கத்துனாக்கூட ஒரு மியாவ் வராது, அது கோவமில்ல, சத்தம் போட்டா மாட்டிப்போம்னு அதுக்கு பயம். 2018ல ஒரு ஆய்வு வந்துச்சு, காணாம போன 1,210 பூனைங்களப் பத்தி, அதுல கிடைச்சதுல முக்கால்வாசி 500 மீட்டருக்குள்ளயே கிடைச்சிருக்கு. அதனால உங்க அபார்ட்மென்ட்லயே ஆரம்பிங்க. வீட்டுக்குள்ள பரண், கட்டில் பெட்டி, பீரோ பின்னாடி (சிரிக்காதீங்க, நான் போன கேஸ்ல நாலு பூனை வீட்டுக்குள்ளயே இருந்துச்சு), அப்புறம் மாடிப்படிக்கு கீழ, மோட்டார் ரூம், பார்க்கிங்ல நிக்குற காரோட பானெட்டுக்குள்ள, பக்கத்து காலி மனை. "எங்க வீட்ல இல்லீங்க"னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னா நம்பாதீங்க, பர்மிஷன் கேட்டு நீங்களே குனிஞ்சு பாருங்க. ராத்திரி ஒரு மணிக்கு மேல தெரு அடங்குனதும் ஒரே ஒரு ஆள் மட்டும் போங்க, டார்ச்ச உங்க கண்ணுக்குப் பக்கத்துல பிடிச்சு தரையோட தரையா அடிச்சா இருட்டுல ரெண்டு கண்ணு பளிச்னு திருப்பி அடிக்கும். கையில கொஞ்சம் நெத்திலி கருவாடு வறுத்து எடுத்துட்டுப் போங்க.

கேள்வி: தீபாவளிக்கு சரவெடி சத்தத்துல எங்க நாய் செயின அறுத்துட்டு ஓடிருச்சு. ரெண்டு தடவ கண்ல பட்டுச்சு, கூப்பிட்டா இன்னும் வேகமா ஓடுது. நான்தான் வளத்தேன், என்னையே தெரியலையா?

பதில்: தெரியும்மா, ஆனா அந்த பயத்துல மூளை வேலை செய்யாது. நாலு பசங்கள கூட்டிட்டு தொரத்துறத இன்னைக்கோட விட்டுடுங்க, நீங்க தொரத்துனீங்கன்னா நேரா மெயின் ரோட்டுலதான் போய் விழும். அடுத்த தடவ பாத்தா பேர் சொல்லாதீங்க, நேருக்கு நேர் பாக்காதீங்க, பக்கவாட்டுல திரும்பி தரையில உக்காந்து பிஸ்கட் பாக்கெட்ட பிரிச்சு நீங்க பாட்டுக்கு சாப்பிடுங்க. அரை மணி நேரம் ஆனாலும் எந்திரிக்கக் கூடாது. நாய் பூனை மாதிரி இல்ல, கிலோமீட்டர் கணக்கா போகும், அதனால காலையில நாலு மணிக்கு ரோட்டுல யார் இருப்பாங்களோ அவங்ககிட்ட போட்டோ குடுங்க: பால் போடுறவர், பேப்பர் பசங்க, தூய்மைப் பணியாளர்கள், டீக்கடை மாஸ்டர். ஆயிரம் பேர் ஷேர் பண்றதவிட இவங்க பத்து பேர் கண்ணு போதும்.

கேள்வி: மைக்ரோசிப் போட்டிருக்கோம், போன்ல லொக்கேஷன் பாக்கலாமா?

பதில்: பாக்க முடியாது. அது தோலுக்கு அடியில வைக்குற சின்ன சிப், அதுல பேட்டரி கிடையாது, 15 இலக்க நம்பர் மட்டும்தான், யாராவது ஸ்கேனர் வெச்சுப் பாத்தாதான் பேசும். சிப் போட்டப்ப அந்த நம்பரோட பதிஞ்சு குடுத்த உங்க போன் நம்பர் இப்பவும் உங்ககிட்ட இருக்கான்னு பாருங்க. லொக்கேஷன் காட்டுறது ஜிபிஎஸ் காலர், அது வேற.

கேள்வி: கார்ப்பரேஷன் வண்டி பிடிச்சிருக்குமோன்னு சந்தேகம். எங்க கேக்கணும்?

பதில்: சென்னைன்னா 1913க்கு போன் போட்டு உங்க ஏரியாவுல நாய் பிடிச்சா எந்த சென்டருக்குப் போகும்னு கேளுங்க. புளியந்தோப்பு, கண்ணம்மாபேட்டை, லாயிட்ஸ் காலனி இங்கெல்லாம் கருத்தடை சென்டர் இருக்கு. விலங்குகளக் காப்பாத்துற அமைப்பான கிண்டி ப்ளூ கிராஸ்லயும் ஒரு எட்டு பாத்துடுங்க. ஆனா நேர்ல போகணும், போன்ல "பிரவுன் கலர் நாய்"னு சொன்னா அங்க அம்பது இருக்கும். பிடிச்ச தெரு நாய ஆபரேஷன் பண்ணி காதுல ஒரு சின்ன வெட்டு போட்டு பிடிச்ச இடத்துலயே விடணும்ங்கறதுதான் 2023 விதி, அதனால காலர் கழண்ட உங்க நாயும் அப்படியே திரும்பக் கொண்டு வந்து விடப்பட்டிருக்கலாம். பிடிச்ச தெருவையும் போய்ப் பாருங்க.

கேள்வி: ஒருத்தர் போன் பண்ணி நாய் எங்கிட்ட இருக்கு, ஜிபேல 2,000 அனுப்புங்க, வண்டில ஏத்தி விடுறேன்ங்கறார்.

பதில்: அனுப்பாதீங்க. வீடியோ கால் கேளுங்க, கட் பண்ணிட்டு ஓடுவார். இதுக்குத்தான் போஸ்டர்ல ஒரு அடையாளத்த மறைச்சு வைக்கணும்னு சொல்லுவேன். வயித்துல வெள்ளைப் புள்ளி, ஒடஞ்ச பல்லு, ஏதோ ஒண்ணு. அத சொல்றவர்கிட்ட மட்டும் மேல பேசுங்க.

கேள்வி: பச்சைக்கிளி பறந்து போச்சு மேடம், பசங்க அழுறாங்க.

பதில்: கோவிச்சுக்காதீங்க, இதத் தேட நான் வரமாட்டேன். நம்ம ஊர் கிளிய வீட்ல வளக்குறது 1972 வனவிலங்கு சட்டப்படி தப்பு. லவ் பேர்ட்ஸ், காக்கடீல் மாதிரி வெளிநாட்டுப் பறவைன்னா வேற கதை: அதோட ஜோடிய கூண்டோட மொட்டை மாடில வைங்க, காலையிலயும் சாயங்காலமும் அது போடுற சத்தத்துக்கு பதில் வரும். காக்கா வராம பக்கத்துலயே இருங்க.

கேள்வி: நாப்பது நாள் ஆச்சுக்கா. வீட்ல எல்லாரும் விட்டுடுங்கறாங்க. பூனை.

பதில்: விடாதீங்க. எங்க தெருவுல ஒரு பூனை ரெண்டு மாசம் கழிச்சு மூணு தெரு தள்ளி கல்யாண மண்டபத்து சமையக்கட்டு பின்னாடி கிடைச்சுது, போனதவிட குண்டா. மழையில போஸ்டர் கிழிஞ்சிருக்கும், புதுசா ஒட்டுங்க, சோறு போடுற இடமா பாத்து திரும்ப ஒரு ரவுண்டு போங்க. கிடைச்சா மொதல்ல டாக்டர்கிட்ட காட்டி ரேபிஸ் ஊசி தேதி பாருங்க, தூக்கும்போது கடிச்சுதுன்னா சோப்பு போட்டு 15 நிமிஷம் ஓடுற தண்ணில கழுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு போங்க. அப்புறம் போஸ்டர எல்லாம் மறக்காம கிழிச்சுடுங்க. 2019ல கிடைச்ச ஒரு பொமரேனியனுக்கு இன்னைக்கும் எனக்கு போன் வருது.