அடுப்படியும் அலமாரியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மாமியார் வைக்கும் உள்ளித்தீயல் (வறுத்தரைத்த தேங்காயில் வைக்கும் சின்ன வெங்காயப் புளிக்குழம்பு) கருஞ்சிவப்பு நிறத்தில், கசப்பே இல்லாமல் இருக்கும். நான் வைத்தால் வெளிறிப் போகிறது, அல்லது கசந்துவிடுகிறது. புளியின் அளவில் ஏதும் தவறு இருக்குமா?
— வாசகி, தக்கலை

பதில்: புளியைச் சந்தேகிக்க வேண்டாம். தீயலின் நிறமும் சுவையும் தேங்காயை வறுக்கும்போதே முடிவாகிவிடுகின்றன. பச்சைத் தேங்காய்த் துருவலின் எடையில் ஏறத்தாழ பாதி நீர்தான் என்பதால், அந்த நீர் ஆவியாகித் தீரும்வரை எவ்வளவு கிளறினாலும் துருவல் வெள்ளையாகவே இருக்கும். பெரும்பாலோர் பொறுமை இழந்து தீயைக் கூட்டிவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நீர் வற்றிய பின்னர், துருவலில் உள்ள சர்க்கரையும் புரதமும் சூட்டில் வினைபுரிந்து நிறமும் மணமும் தரத் தொடங்கும். அதன் பிறகு பொன்னிறத்திலிருந்து கரிந்த நிறத்துக்குப் போக மிகச் சில நிமிடங்களே ஆகும். எனவே தேங்காயை ஒரே சீராகத் துருவி, அடிகனமான சட்டியில், தொடக்கம் முதல் இறுதிவரை மெல்லிய தீயிலேயே கை ஓயாமல் வறுக்க வேண்டும். பெரிய துண்டுகள் கலந்திருந்தால் அவை வறுபடுவதற்குள் தூள் கரிந்துவிடும். கசப்பு பெரும்பாலும் அங்கிருந்தே வருகிறது.

நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னதாகவே இறக்கி, உடனே வேறு தட்டில் பரப்பிவிடுங்கள். அடுப்பை அணைத்தாலும் சட்டியின் சூடு வறுப்பதை நிறுத்தாது. மல்லியையும் வத்தல் மிளகாயையும் நல்லமிளகையும் (குறுமிளகு) தனியாக வறுத்துச் சேர்ப்பது நல்லது. வெந்தயம் சேர்ப்பதாக இருந்தால் அது சிவந்ததுமே எடுத்துவிட வேண்டும். அரைக்கும்போது முதலில் நீர் விடாமல் அரைத்து, எண்ணெய் கசிந்து விழுதான பிறகே நீர் தெளிக்க வேண்டும். உள்ளியைத் தேங்காய் எண்ணெயில் நன்றாக வதக்கி, புளிக்கரைசல் பச்சை வாடை போகக் கொதித்த பின் விழுதைச் சேர்த்து, எண்ணெய் மேலே மிதக்கும்வரை விட்டுவிடுங்கள். கருப்பட்டித் துண்டு போடுகிறவர்களும் உண்டு. ஆனால் கரிந்த தேங்காயின் கசப்பை அது ஒருபோதும் மறைக்காது. மாமியார் அடுத்த முறை தீயல் வைக்கும்போது பக்கத்தில் நின்று, அவர் எந்த நிறத்தில் சட்டியை இறக்குகிறார் என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளி) அவித்த நீரை வடித்துக் கொட்டிவிட வேண்டும் என்கிறார் பாட்டி. சத்து வீணாகாதா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: பாட்டி சொல்வதே சரி. மரச்சீனியில் லினமாரின் என்னும் பொருள் இருக்கிறது. கிழங்கு வெட்டுப்படும்போதும் நசுங்கும்போதும் அது சிதைந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் நச்சு வெளிப்படுகிறது. கசப்பு வகைகளில் இது அதிகம். நாம் வழக்கமாக உண்ணும் வகைகளில் குறைவு. தோலை முழுவதுமாக நீக்கி, சிறு துண்டுகளாக்கி, தாராளமான நீரில் மூடாமல் வேகவைத்து வடித்தால் நச்சின் ஒரு பகுதி நீரோடு போகும், மற்றொரு பகுதி ஆவியாகும். கசக்கும் கிழங்கை எவ்வளவு வேகவைத்திருந்தாலும் உண்ண வேண்டாம். திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இந்தப் பயிரை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரின்போது பர்மா அரிசி வரத்து நின்றுபோனபோது, அரிசி வாங்க இயலாத வீடுகளில் இந்தக் கிழங்கும் மீன்கறியுமே பசியாற்றின. அந்தக் காலத்து வீடுகளில் வளர்ந்தவர்கள் கிழங்கு அவிக்கும் முறையில் இவ்வளவு கண்டிப்பாக இருப்பதில் வியப்பில்லை.

கேள்வி: திருமணத்துக்குப் பின் வாசிப்பு விட்டுப்போயிற்று. இரவில் புத்தகத்தைத் திறந்தால் இரண்டு பக்கங்களில் தூக்கம் வந்துவிடுகிறது. “இனிமேல் படித்து என்ன ஆகப்போகிறது?” என்கிறார்கள் வீட்டில். மீண்டும் தொடங்க முடியுமா?
— வாசகி, பூதப்பாண்டி

பதில்: நிச்சயமாக முடியும், சகோதரி. நாள் முழுதும் நின்று வேலை செய்த உடம்பு இரவில் உறங்கத்தான் கேட்கும். அதை ஆர்வக் குறைவு என்று எண்ணி வருந்தாதீர்கள். வாசிப்பைப் பகலுக்கு மாற்றுங்கள். மதியச் சாப்பாடு முடிந்து பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பும்வரை உள்ள நேரத்தில் அரைமணியைத் தனியே ஒதுக்கி, அது உங்களுடைய நேரம் என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒதுக்கிய நேரத்தைத்தான் எல்லோரும் எளிதாக எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் எடுக்க வேண்டிய நூலாக, ஹெப்சிபா ஜேசுதாசன் எழுதி 1964இல் வெளிவந்த ‘புத்தம் வீடு’ நாவலைச் சொல்வேன். வளர்ந்துவிட்டாள் என்பதற்காகப் படிப்பு நிறுத்தப்பட்டு, குடும்பப் பெருமையின் பெயரால் வீட்டுக்குள்ளேயே இருத்தப்படும் லிஸி என்னும் பெண்ணின் கதை அது. பனைவிளைகளும் பனையேறிகளின் வாழ்வும் நம் குமரி மாவட்டத்துப் பேச்சும் நிறைந்த, அளவில் சிறிய நாவல் ஆகையால், நெடுநாள் விட்டுப்போனவர்களையும் அது களைப்படையச் செய்யாது. அடுப்படிக்கும் திண்ணைக்கும் இடையே கழியும் ஒரு பெண்ணின் நாட்களை இவ்வளவு கவனத்தோடு ஒருவர் எழுதியிருக்கிறாரே என்ற எண்ணம், எனக்கு அதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் பெரிய ஆறுதலைத் தருகிறது. அதன்பின், 1876இல் தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் ‘நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியம்’ நூலை எடுத்து, மாலையில் வீட்டார் அமர்ந்திருக்கும்போது உரக்கப் படித்துக் காட்டுங்கள். சொத்து மகனுக்குப் போகாமல் சகோதரியின் மகனுக்குப் போகும் மருமக்கள் வழிச் சொத்துரிமையால் மனைவி மக்கள் பட்ட துன்பத்தை ஒரு பெண்ணே சொல்வதாக அமைந்த அந்தப் பாடல்களைக் கேட்டபின், படித்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்களே அடுத்த பகுதியைக் கேட்கக்கூடும்.

கேள்வி: மழைக்காலத்தில் புத்தகங்களில் பூசணம் பிடிக்கிறது. என்ன செய்யலாம்?
— வாசகர், குலசேகரம்

பதில்: தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் பெறும் மாவட்டம் நம்முடையது, காற்றில் ஈரம் குறையும் மாதங்கள் சிலவே. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். புத்தகங்களை நெருக்கி அடுக்காதீர்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் விரித்து வைத்துவிட்டு, காய்ந்த பூசணத்தை வீட்டுக்கு வெளியே, மூக்கை மூடிக்கொண்டு துடைத்தெடுங்கள்.

கேள்வி: எண்பது வயதை நெருங்கும் என் தாயாரிடம் சமையல் அளவு கேட்டால், “எல்லாம் கைக்கணக்கு” என்பார். இப்போது மறதியும் தொடங்கியிருக்கிறது. அவருடைய சமையலை எழுதிவைப்பது எப்படி?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இந்த வாரமே தொடங்கிவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். அளவைக் கேட்காதீர்கள், கேட்டால் அவர் தடுமாறுவார், தடுமாறினால் வருந்துவார். சமைப்பதற்கு முன்பே தேங்காய், மல்லி, மிளகாய், புளி ஒவ்வொன்றையும் தனித்தனிக் கிண்ணத்தில் எடைபோட்டு வைத்துவிட்டு, அவர் வழக்கம்போலக் கையால் அள்ளிப் போடட்டும். சமைத்து முடித்தபின் கிண்ணத்தில் மிஞ்சியதை எடைபோட்டுக் கழித்தால், அவருடைய கைக்கணக்கு கிராமில் கிடைத்துவிடும். ஒரே கறியை வெவ்வேறு நாட்களில் இவ்வாறு கணக்கிட்டால், அவர் எதைக் கூட்டிக் குறைக்கிறார், எதில் மாற்றமே செய்வதில்லை என்பதும் தெரியவரும். இன்று இத்தனை பேருக்குச் சமைத்தோம், மீன் இன்னது, தேங்காய் முற்றல் அல்லது இளசு என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அவை இல்லாமல் கிராம் கணக்கு பயன்படாது.

அவர் சொல்கிற வரிசையிலேயே, அவர் சொல்கிற சொற்களிலேயே எழுதுங்கள். நடுவே அவர் பிறந்த வீட்டைப் பற்றியோ, கார்த்திகைக்குத் திரளிக் கொழுக்கட்டை அவித்ததைப் பற்றியோ பேசத் தொடங்கினால், செய்முறைக்குத் திருப்பிக் கொண்டுவர முயலாமல் அதையும் அதே பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். மறதி கூடிய பின்னும் பழைய நினைவுகள் நெடுநாள் தங்கியிருப்பதுண்டு, அவற்றைத் தொட்டே ஒரு கறியின் பக்குவம் அவர் வாயிலிருந்து வரக்கூடும். களைத்துப்போகிறார் என்று தெரிந்தால் அன்றைக்கு அத்துடன் நிறுத்திவிடுங்கள். எழுதியதை அவருக்குப் படித்துக்காட்டித் திருத்தம் கேளுங்கள். மறதியைப் பொறுத்தவரை, அதை வயதின் குறை என்று விட்டுவிடாமல் ஒரு மருத்துவரிடமும் காட்டுவது அவசியம். அவர் அடுப்பருகில் இருக்கும்போது தீயைப் பார்த்துக்கொள்ள ஒருவர் உடனிருக்க வேண்டும்.