மாரியில் குதிரை வளர்ப்பு: ஒட்டுசுட்டான் வாசகருக்கு ஒரு பதில்

வன்னியில், ஒட்டுசுட்டான் பக்கத்தில் வயலும் மேட்டுக்காணியும் வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதிய கேள்வி: "நுவரெலியாவில் சவாரிக்கு நின்ற மட்டக்குதிரை ஒன்றை ஆனி மாதத்தில் வாங்கி வந்தோம். ஆறு வயதுப் பெண் குதிரை. மாட்டுக்கொட்டிலிலேயே கட்டி, மாடுகளுக்குப் போடும் கோ-3 புல், வைக்கோல், அரிசித் தவிடு, இப்பில்-இப்பில் மரத்துக் குழை ஆகியவற்றையே கொடுத்து வருகிறோம். குளிர்காலத்தில் குதிரைக்குப் போர்வை போட வேண்டும், தீனியைக் கூட்ட வேண்டும் என்று நூல்களில் இருக்கிறது. அது எங்கள் மாரிக்குப் பொருந்துமா? தையில் அரிவி வெட்டு முடிந்ததும் மாடுகளோடு வயலில் அவிழ்த்து விடலாமா?"

போர்வை வேண்டாம். ஏறத்தாழ 5 முதல் 25 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையில், உலர்ந்த உடலோடு நிற்கும் குதிரை எந்தச் சிரமமும் இன்றித் தன் உடற்சூட்டைக் காத்துக்கொள்ளும். வன்னியில் மார்கழி இரவுகள்கூட 20 பாகைக்கு அண்மையிலேயே நிற்கின்றன. நீங்கள் படித்த நூல்கள் பனி உறையும் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. ஆனால் 2022 டிசம்பரில் மண்டோஸ் புயல் வங்கக் கடலில் நின்ற நாட்களில், வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் ஓரிரு நாட்களுக்குள் மடிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெப்பநிலை திடீரென இறங்கும்போது, மழையில் நனைந்து, காற்றுக்கு மறைப்பின்றி, வயிறும் நிறையாமல் நிற்கும் விலங்கு எதுவானாலும் அதற்கு ஆபத்துதான். ஆகவே உங்கள் குதிரைக்குத் தேவையானவை நனையாத முதுகும், வாடைக்காற்றுக்கு ஒரு மறைப்பும், எந்நேரமும் மெல்லுவதற்கு நார்த்தீனியும் ஆகும். நார்த்தீனி பெருங்குடலில் நொதிக்கும்போது உண்டாகும் சூடே குதிரையின் உண்மையான போர்வை.

கொட்டிலின் வடகிழக்குப் பக்கத்தைக் கிடுகாலோ தகரத்தாலோ மறைத்து, கூரைக்குக் கீழே ஓர் அடி அளவு திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் தறப்பாள் கட்டி அடைத்தால் சிறுநீரிலிருந்து எழும் அமோனியா உள்ளேயே தங்கி, நுரையீரலைக் கெடுக்கும். தரையைச் சுற்றியுள்ள நிலத்திலிருந்து அரையடியாவது உயர்த்திக் கிரவல் போட்டு இறுக்கி, மேலே மரத்தூளோ உமியோ பரப்பலாம். மாடுகளோடு ஒரே இடத்தில் கட்டாமல் இடையில் ஒரு தடுப்பாவது வையுங்கள். கொம்புக்கும் உதைக்கும் நடுவே யாருக்குக் காயம் வரும் என்று சொல்ல முடியாது.

மாரியில் முதலில் கெடுவது குளம்பு. அடிக்குளம்பின் நடுவில் முக்கோண வடிவில் மெத்தைபோல் இருக்கும் பகுதியும் அதன் இருபக்கப் பள்ளங்களும் சேறும் சாணமும் அடைந்து காற்றுப் படாமல் கிடந்தால், அங்கே கிருமிகள் பெருகிக் கருமையான, நாற்றமடிக்கும் கசிவு உண்டாகும். மாட்டின் குளம்பை யாரும் நாள்தோறும் தூக்கிப் பார்ப்பதில்லை. குதிரையின் நான்கு குளம்புகளையும் நாள்தோறும் தூக்கி, மொட்டைக் கொக்கியால் குதிப்பக்கத்திலிருந்து நுனிநோக்கிச் சுரண்டித் துப்புரவாக்க வேண்டும். அழுகல் தொடங்கியிருந்தால் கழுவி, துணியால் நன்றாக ஒற்றி உலர்த்திய பின், நீர் கலந்த பொவிடோன் அயடீனைப் பஞ்சில் நனைத்துப் பள்ளங்களில் வையுங்கள். ஈரமான குளம்பில் மருந்து நிற்காது என்பதால், நாளில் சில மணி நேரமாவது உலர்ந்த தரையில் நிற்க விடுவதே பாதிச் சிகிச்சை. உழவு இயந்திரத்தின் கழிவு எண்ணெயைப் பூசும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டிவிடும், தோலையும் புண்ணாக்கும். குளம்பைச் செதுக்குவது ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை நடக்க வேண்டும். இதற்குத் தேர்ந்த ஆள் வன்னியில் கிடைப்பது அரிது. குதிரையை விற்றவர் வழியாக நுவரெலியாவிலிருந்து ஒருவரை ஒழுங்கு செய்துகொள்வது, காலம் தாழ்த்தாமல் செய்ய வேண்டிய செலவு.

தொடர்ந்து நனையும் தோலில், முதுகிலும் பின்தொடையிலும் கணுக்காலிலும், மயிர்க் கற்றையோடு சேர்ந்து கழன்று வரும் பொருக்குகள் தோன்றலாம். இது ஒரு நுண்ணுயிரால் வருவது. மாட்டுக்கும் தொற்றும், சிலவேளை மனிதருக்கும் தொற்றும். பொருக்கைப் பலவந்தமாகப் பிய்க்காமல், கிருமிநாசினி கலந்த நீரில் ஊறவைத்து மெல்லக் கழற்றி, உடலை உலர்த்துங்கள். குதிரையின் தூரிகையை வேறு விலங்குக்குப் பயன்படுத்த வேண்டாம். சாக்கு போர்த்தினால் இந்த நோய் விரைவாகப் பரவும் என்பது போர்வை வேண்டாம் என்பதற்கு மற்றொரு காரணம்.

இனித் தீனி. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது மழையைக் காட்டிலும் இதுதான். குதிரை அசைபோடும் விலங்கு அன்று. அதற்கு ஒரே இரைப்பை, அதுவும் சிறியது. மாட்டின் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் பல நச்சுகளை உடைத்துவிடுகின்றன. அந்தக் காப்பு குதிரைக்கு இல்லை. கோ-3 உள்ளிட்ட நேப்பியர் இனப் புற்களில் ஒட்சலேற்று என்னும் பொருள் உண்டு. அது கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு, குதிரையின் குடல் அதை உறிஞ்ச விடாமல் செய்கிறது. அரிசித் தவிட்டிலோ பொஸ்பரசு மிக அதிகம், கல்சியம் மிகக் குறைவு. ஒரு கிலோவில் ஏறத்தாழ 15 கிராம் பொஸ்பரசு இருக்க, கல்சியம் ஒரு கிராம் அளவே இருக்கும். குதிரையின் மொத்தத் தீனியில் பொஸ்பரசைவிடக் கல்சியம் கூடுதலாக, ஒன்றரை மடங்கு அளவில் இருப்பது நல்லது. கோ-3 புல்லும் தவிடும் சேரும்போது இந்தக் கணக்கு தலைகீழாகி, உடல் தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை எடுக்கத் தொடங்குகிறது. சில மாதங்களில் ஒரு காலிலிருந்து மற்றொரு காலுக்கு மாறும் நொண்டலும், குறுகிய நடையும், பின்னர் கன்னத்தெலும்பில் இருபக்க வீக்கமும் தெரியும். முகம் வீங்கிய பிறகு பழைய வடிவம் முழுமையாகத் திரும்புவது அரிது.

ஆகவே தவிட்டை நாளுக்கு அரைக் கிலோவுக்குள் நிறுத்துங்கள். கொடுக்கும் அந்த அரைக் கிலோவோடு, கோழித்தீவனத்தில் சேர்க்கும் சுண்ணாம்புக்கல் தூளை 25 முதல் 30 கிராம் கலந்துவிடுங்கள். வெற்றிலைக்குப் போடும் நீற்றுச் சுண்ணாம்பு இதற்கு ஆகாது, அது வாயையும் குடலையும் வேகவைத்துவிடும். புல்லின் குறையையும் ஈடுசெய்ய இன்னும் எவ்வளவு தூள் வேண்டும் என்பதை உங்கள் பிரதேசக் கால்நடை வைத்தியர் குதிரையைப் பார்த்துச் சொல்லட்டும். வரம்புகளிலும் காணியிலும் முளைக்கும் பலவகைப் புற்களை வெட்டி, கோ-3 புல்லைப் பாதிக்கும் கீழே குறைப்பது இன்னும் நல்லது. மாரியில் தவிடு சில வாரங்களிலேயே கெட்ட எண்ணெய் நாற்றம் எடுத்துவிடும் என்பதையும் கவனியுங்கள்.

இப்பில்-இப்பில் குழையை இன்றே நிறுத்துங்கள். அதிலுள்ள மிமோசின் என்ற நச்சு குதிரையின் பிடரி மயிரையும் வால் மயிரையும் உதிர்த்து, குளம்பின் வளர்ச்சியையும் கெடுக்கும். மாட்டுக்கோ கோழிக்கோ செய்த கலப்புத் தீவனத்தில் மொனென்சின் போன்ற மருந்துகள் சேர்க்கப்பட்டிருக்கலாம். குதிரையின் இதயத்துக்கு அவை சிறிய அளவிலேயே உயிர்கொல்லி. எனவே தீவனச் சாக்குகளை அது எட்டாத இடத்தில் வையுங்கள்.

எவ்வளவு போடுவது? நாடாவால் முன்கால்களுக்குப் பின்னே நெஞ்சுச் சுற்றளவையும், தோள் முனையிலிருந்து பிட்ட முனைவரையான நீளத்தையும் சென்ரிமீற்றரில் அளந்து, சுற்றளவை இருமுறையும் நீளத்தை ஒருமுறையும் பெருக்கி 11,880 ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். சுற்றளவு 152, நீளம் 150 என்றால் எடை ஏறத்தாழ 290 கிலோ. உடல் எடையின் இரண்டு வீதம் உலர்தீனி என்றால் இதற்கு ஆறு கிலோ வேண்டும். ஆனால் மாரிப் புல்லில் ஐந்தில் நான்கு பங்கு நீரே என்பதால், புல்லை மட்டும் நம்பினால் ஏறத்தாழ முப்பது கிலோ வெட்ட வேண்டியிருக்கும். ஒரு பங்கை வைக்கோலால் நிரப்பலாம், அது பூஞ்சணம் பிடிக்காமல் தரைக்கு மேலே பரணில் அடுக்கப்பட்டதாக இருந்தால். பூஞ்சண வைக்கோல் வயிற்றுவலிக்கும் இருமலுக்கும் நேர்வழி. குதிரையால் வாந்தி எடுக்க இயலாது. நிலத்தைக் கிளறுவது, விலாவைத் திரும்பிப் பார்ப்பது, புரள்வது, சாணம் போடாதிருப்பது ஆகியவற்றைக் கண்டால் தீனியை எடுத்துவிட்டு வைத்தியரை அழையுங்கள். மாட்டுக்குச் செய்வதுபோல் மூங்கில் குழாயால் கசாயமோ எண்ணெயோ புகட்டினால் அது நுரையீரலுக்குள் போகக்கூடும்.

தையில் வயலில் விடுவது பற்றி: அரிவி வெட்டிய உடனே வேண்டாம். இயந்திரம் சிந்திய நெல் வரம்போரத்திலும் திருப்பங்களிலும் குவிந்து கிடக்கும். அதைக் குதிரை வயிறார உண்டால், சிறுகுடலில் செரிக்காத மாப்பொருள் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து, கடும் வயிற்றுவலியும் குளம்பு அழற்சியும் வரும். முன்கால்களை முன்னே நீட்டிப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதும், குளம்பில் சூடு தெரிவதும் அதன் அடையாளங்கள்; அது அவசர நிலை. மாடுகளும் பறவைகளும் சிந்திய மணியைத் தின்று தீர்த்த பிறகு, கொட்டிலில் வைக்கோலை உண்ணவைத்து, முதல் நாள் அரைமணி நேரம் எனத் தொடங்கி இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். கடைசியாகக் களைநாசினியோ பூச்சிநாசினியோ அடித்த நாளையும் வயற்காரரிடம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.

மாரி முடிந்ததும் சாணத்தைப் பரிசோதித்துக் குடற்புழு மருந்தைத் தீர்மானிப்பது முறை. மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்ரின் ஊசியைக் குதிரைக்கு ஏற்றக் கூடாது. வாய்வழி கொடுக்கும் குதிரை மருந்தே வேண்டும். ஏற்பு நோய் குதிரையை மிக எளிதில் பிடிக்கும், வேலிகளில் முட்கம்பியும் நிறைய இருக்கிறது, ஆகவே தடுப்பூசி போட்ட விபரம் கைவசம் இல்லையென்றால் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். அதே வருகையில் பற்களையும் பார்க்கச் செய்யலாம். வாயிலிருந்து பாதி மென்ற புல் உருண்டையாக விழுந்தால் பல்லின் ஓரம் கூர்மையாகிவிட்டது என்று பொருள்.

மூன்று மாதம் சும்மா நின்ற குதிரையில் உடனே ஏறிவிட வேண்டாம். மாசி முழுவதும் விடியற்காலையில் கையில் பிடித்து நடத்தி, பின்னர் சேணத்தோடு நடக்கவிட்டு, நான்கைந்து வாரத்துக்குப் பிறகே ஓட்டத்துக்குப் போங்கள். சேணத்தை முதலில் வெயிலில் காயவைத்துப் பூஞ்சணத்தைத் துடையுங்கள். குதிரையின் உடல் மெலிந்தோ பெருத்தோ இருந்தால் பழைய சேணம் முதுகை உரசும். பங்குனி வெயில் ஏறும்போது, மாரியில் இருபது லீற்றர் நீரே போதுமென்றிருந்த குதிரை அதன் இரு மடங்கைக் குடிக்கும் என்பதால், நிழலில் பெரிய தொட்டி ஒன்றும், நாளுக்கு 30 கிராம் அளவு உப்பும் அதற்கு முன்பே ஒழுங்காகிவிட வேண்டும்.