கிரீமை நிறுத்தினால் முகம் எரிகிறதா?

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய நைட் கிரீமை எட்டு மாதமாகப் பூசுகிறேன். முகம் நன்றாக வெளுத்தது. ஆனால் நிறுத்தினால் இரண்டே நாளில் சிவந்து எரிகிறது, பரு கிளம்புகிறது. தோலில் உள்ள நச்சு வெளியேறுகிறது, விடாமல் பூசுங்கள் என்கிறார் விற்றவர். முகம் இப்படியே ஆகிவிடுமோ? எலுமிச்சைச் சாறு, ஐஸ் கட்டி, நிறையத் தண்ணீர் எல்லாம் பலன் தருமா?

பதில்: நச்சு எதுவும் வெளியேறவில்லை. விற்றவர் சொல்வதை நம்புவதை முதலில் விடுங்கள்.

ரெட்டினாய்டு (பருவுக்குப் பூசும் வைட்டமின் ஏ வகை மருந்து) போன்றவற்றைத் தொடங்கிய முதல் சில வாரங்களில் பரு கொஞ்சம் கூடும், உண்மைதான். உங்களுக்கோ நிறுத்தும்போது வருகிறது. கிரீமில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது என்றே நான் பலமாகச் சந்தேகப்படுகிறேன். ஸ்டீராய்டு ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். பூசுவதை விட்டதும் அவை விரிந்து முகம் சிவக்கும். எரிச்சலுக்குப் பயந்து மறுபடி பூசப் பூசத் தோல் மெலியும், கன்னத்தில் சிவப்பு நூல் போல ரத்தக் குழாய்கள் தெரியும், பூனைமுடி வளரும்.

டப்பாவில் பெட்டாமெத்தசோன், மொமெட்டசோன், க்ளோபெட்டசால் என்று ஏதாவது ஸ்டீராய்டின் பெயர் இருக்கிறதா பாருங்கள். என்ன சேர்த்திருக்கிறார்கள் என்றே எழுதவில்லையா? அப்படியானால் இன்னும் கவலை. சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசமும் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது.

இந்த வாரமே தோல் மருத்துவரைப் பாருங்கள், டப்பாவையும் கொண்டு போங்கள். அடியோடு நிறுத்துவதா, படிப்படியாகக் குறைப்பதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அதுவரை மணமில்லாத சாதாரண மாய்ஸ்சரைசரும் சன்ஸ்கிரீனும் போதும். முகம் இப்படியே நின்றுவிடாது. சிவப்பும் எரிச்சலும் அடங்கச் சில வாரங்கள், சிலருக்குப் பல மாதங்கள் ஆகும். விரிந்த ரத்தக் குழாய்கள் மட்டும் கொஞ்சம் தங்கிவிடலாம், அதற்கும் சிகிச்சை உண்டு. நடுவில் பொறுமை இழந்து அதே கிரீமைத் தொட்டால் பழையபடிதான்.

எலுமிச்சை வேண்டவே வேண்டாம். கடுமையான அமிலம் அது. பூசிய இடத்தில் வெயில் பட்டால் வெந்து கறுத்துப்போகும். தோலின் துளைகளுக்குத் திறந்து மூடத் தசை கிடையாது, ஐஸ் வைத்து அவற்றை மூட முடியாது. தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், போதும்.

சிறுநீர் தொடர்ந்து நுரைத்தாலோ, கால் வீங்கினாலோ, கை நடுங்கினாலோ தோல் மருத்துவரின் நேரத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அது பாதரசம் உடம்பைப் பாதித்ததாக இருக்கலாம். அன்றைக்கே ஒரு பொது மருத்துவரிடம் போய், கிரீம் பூசிய விஷயத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.