பிரிட்டனில் சேலரி சாக்ரிஃபைஸ் முறையில் மின்சாரக் கார் எடுப்பது உண்மையிலேயே மலிவா?

இங்கிலாந்தில் ஒரு என்.எச்.எஸ். (அரசின் பொதுச் சுகாதார சேவை) மருத்துவமனையில் ஆண்டுக்கு 42,000 பவுண்டு சம்பளத்தில் பணிபுரிவதாகவும், வரிக்கு முந்தைய சம்பளத்தில் மாதம் 500 பவுண்டை விட்டுக்கொடுத்தால் (இதுதான் சேலரி சாக்ரிஃபைஸ்) 30,000 பவுண்டு பட்டியல் விலையுள்ள மின்சாரக் கார் மூன்றாண்டுக் குத்தகைக்குக் கிடைக்கும் என்றும் எழுதி, எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எடுக்கலாம் என்பதே என் கருத்து. நானும் இதே முறையில் எடுத்த காரைத்தான் ஓட்டுகிறேன். ஆனால் விளம்பரங்களில் பெரிய எழுத்தில் போடும் சேமிப்பு பெரும்பாலும் 40% வரி கட்டுபவர்களுக்கானது. உங்கள் கணக்கை நீங்கள் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்தச் சேமிப்பு முழுவதும் வரிச் சட்டத்திலிருந்து வருகிறது. சம்பளத்தை விட்டுக்கொடுத்துப் பெறும் சலுகைகளுக்கு 2017 ஏப்ரலில் விதிகள் கடுமையாக்கப்பட்டன. விட்டுக்கொடுத்த தொகை, சலுகையின் வரி மதிப்பு ஆகிய இரண்டில் எது பெரிதோ அதற்கு வரி என்று ஆனதால், பெட்ரோல் கார்களுக்கு இம்முறையில் இருந்த ஆதாயம் போய்விட்டது. கிலோமீட்டருக்கு 75 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு வெளியிடாத கார்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்கள். அதனால் மின்சாரக் காருக்குப் பட்டியல் விலையில் ஒரு சிறு விழுக்காடு மட்டுமே உங்கள் வருமானமாகக் கருதப்படுகிறது. 2026–27இல் அது 4%. அதிகப் புகை வெளியிடும் காருக்கு இதே விழுக்காடு 37 வரை போகும்.

உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். 500 பவுண்டை விட்டுக்கொடுக்கும்போது வருமான வரியில் 100 பவுண்டும், நேஷனல் இன்சூரன்ஸ் என்ற சமூகக் காப்பீட்டுப் பிடித்தத்தில் 8% வீதம் 40 பவுண்டும் மிச்சமாகின்றன; ஆக, கைக்கு வரும் சம்பளத்தில் 360 பவுண்டு குறையும். காரின் விலையில் 4% என்பது 1,200 பவுண்டு. அதற்கு 20% வரி ஆண்டுக்கு 240, மாதத்துக்கு 20. மொத்தம் 380 பவுண்டு. இதே காரை, 40% வரியும் குறைந்த வீத நேஷனல் இன்சூரன்ஸும் தொடங்கும் 50,270 பவுண்டுக்கு வெகுவாக மேலே சம்பாதிக்கும் மருத்துவர் எடுத்தால், காருக்கான 40 பவுண்டு வரியையும் சேர்த்து அவருக்கு ஆகும் செலவு 330 பவுண்டுதான். குறைவாகச் சம்பாதிப்பவர் அதே காருக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார் என்பது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. இன்னும் கீழே இருப்பவர்களுக்குக் கதவே திறப்பதில்லை. பிடித்தம் போக மீதமுள்ள சம்பளம் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகக் கூடாது என்பதால், 28,000 பவுண்டுக்கு முழுநேர வேலை பார்ப்பவர் இந்தக் காரை எடுக்க முடியாது. குத்தகை முடிந்த கார்கள் பழைய கார் சந்தைக்கு வந்து விலையைக் கீழே இழுப்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் பலன்.

நிர்வாகத்துக்கும் இதில் ஆதாயம் உண்டு என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீங்கள் ஆண்டுக்கு விட்டுக்கொடுக்கும் 6,000 பவுண்டுக்கு அவர்கள் 15% நேஷனல் இன்சூரன்ஸாக 900 பவுண்டு கட்டியிருக்க வேண்டும். காரின் 1,200 பவுண்டு வரி மதிப்புக்காகக் கட்டும் 180 பவுண்டு போக, 720 பவுண்டு அவர்களிடம் தங்குகிறது. சில நிறுவனங்கள் அதில் ஒரு பங்கை மாதத் தொகையில் கழித்துத் தருகின்றன. உங்களுக்குச் சொல்லப்பட்ட 500 பவுண்டு அதைக் கழித்த தொகையா என்று கேளுங்கள்; கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

உங்களைப் போன்ற என்.எச்.எஸ். ஊழியர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஓய்வூதியம் என்பேன். 2015ஆம் ஆண்டுத் திட்டத்தில் ஒவ்வோர் ஆண்டின் ஓய்வூதியத் தகுதியுள்ள சம்பளத்திலும் 54இல் ஒரு பங்கு உங்கள் ஓய்வூதியக் கணக்கில் சேர்கிறது. காருக்காக விட்டுக்கொடுத்த தொகை அந்தக் கணக்கில் வராது. 6,000 பவுண்டை 54ஆல் வகுத்தால் ஏறத்தாழ 111. மூன்றாண்டுக் குத்தகைக்குப் பின் ஆண்டு ஓய்வூதியத்தில் 333 பவுண்டு, பிற்காலத்தில் சேரும் உயர்வுகளைக் கணக்கில் கொள்ளாமலே, வாழ்நாள் முழுவதற்கும் குறையும். பங்களிப்பும் சற்றுக் குறைவதால் இப்போது கையில் கொஞ்சம் கூடுதலாக நிற்கும் என்றாலும், ஓய்வை நெருங்கியவர்களுக்கு இது சிறிய விஷயமில்லை. குழந்தை பெறத் திட்டமிடுபவர்களும் கவனிக்க வேண்டும். சட்டப்படியான மகப்பேற்று ஊதியம் பிடித்தம் போன சம்பளத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போதும் குறைந்த சம்பளமே கண்ணில் படலாம்.

வரி விழுக்காடும் இதே அளவில் நிற்காது. 2027–28இல் 5%, 2028–29இல் 7%, அதற்கடுத்த ஆண்டு 9% என்று அறிவித்துவிட்டார்கள். உங்கள் குத்தகையின் மூன்றாம் ஆண்டில் 20 பவுண்டு வரி 35 ஆகும். 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்களுக்கு மைலுக்கு 3 பென்ஸ் கட்டணம் வரும் என்றும் அரசு அறிவித்திருக்கிறது. 8,000 மைல் ஓட்டுபவருக்கு அது ஆண்டுக்கு 240 பவுண்டு.

இவற்றையெல்லாம் சேர்த்தாலும், காப்பீடு, பராமரிப்பு, டயர் ஆகியவை அந்த 500 பவுண்டுக்குள் அடங்குமானால், அதே காரைத் தனிப்பட்ட குத்தகைக்கு எடுப்பதைவிட இது உங்களுக்கு மலிவாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வீட்டில் சார்ஜ் செய்ய வசதி இல்லாவிட்டால் மட்டும் மறுபடி யோசியுங்கள். பொதுச் சார்ஜிங் நிலையங்களையே நம்பியிருந்தால் மிச்சத்தில் பெரும்பகுதி அங்கே போய்விடும். கையெழுத்திடும் முன், வேலையை விட்டால் காரை முன்கூட்டித் திருப்பித் தருவதற்கு எவ்வளவு கட்ட வேண்டும், பணிநீக்கம், நீண்டகால நோய், மகப்பேறு ஆகியவற்றில் எதற்கெல்லாம் அந்தக் கட்டணம் தள்ளுபடியாகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.