தொல்விலங்குகளைப் பற்றி இணையத்தில் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

டைனோசர், மெகலோடான், மாமூத் என்று அழிந்துபோன விலங்குகளைப் பற்றி இணையத்தில் தேடினால் மலைபோல் தகவல் வந்து விழுகிறது. அதில் நம்பத்தகுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

அரியலூர் ஆசிரியை ஒருவர்: உலகிலேயே பெரிய டைனோசர் எங்கள் மாவட்டத்தில்தான் கிடைத்தது என்று யூடியூபில் பார்த்தேன். வகுப்பில் சொல்லலாமா சார்?

தாராளமாகச் சொல்லலாம் டீச்சர். ஆனால் முழுக் கதையையும் சொல்லுங்கள். அந்த வீடியோ பேசுவது புருகத்காயோசாரஸ் பற்றி. கல்லமேடு பகுதியில் கிடைத்த எலும்புகளை வைத்து யாதகிரி, அய்யாசாமி என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1980களில் அதற்குப் பெயர் வைத்தார்கள். முதலில் அதை ஊன் உண்ணும் டைனோசர் என்றே வகைப்படுத்தினார்கள். நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி வகை என்ற கருத்து பிறகுதான் வந்தது. கீழ்க்கால் எலும்பு மட்டுமே 2 மீட்டர் நீளம் என்று பதிவாகியிருக்கிறது. அந்த அளவை வைத்து 2023இல் வெளியான ஒரு கட்டுரை, இதன் எடை 100 டன்னுக்கும் மேல் இருந்திருக்கலாம் என்று கணித்தது.

சிக்கல் என்னவென்றால், அந்த எலும்புகள் இப்போது இல்லை. எளிதில் உதிரக்கூடிய நிலையில் இருந்தவை சிதைந்துபோய்விட்டன. கையில் இருப்பது பழைய படங்களும் விவரிப்பும்தான். யாராலும் மறுபடி அளந்து பார்க்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள் 'இருக்கலாம்' என்று எழுதுகிறார்கள், யூடியூப் 'இதுதான்' என்கிறது.

எந்த விலங்கைப் பற்றிப் படித்தாலும் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எந்த எலும்பு கிடைத்தது, அது இப்போது எங்கே இருக்கிறது, யார் எந்த ஆண்டு அதை விவரித்தார்கள். மூன்றில் ஒன்றைக்கூடச் சொல்லாத பக்கத்தில் நான் நேரம் செலவழிப்பதில்லை.

கல்லூரி மாணவர்: விக்கிபீடியாவை நம்பவே கூடாது என்கிறார்கள். உண்மையா அண்ணா?

தொல்விலங்குகள் விஷயத்தில் ஆங்கில விக்கிபீடியா நன்றாகவே இருக்கிறது தம்பி. இதற்கென்றே ஒரு தன்னார்வலர் குழு உழைக்கிறது. விலங்குகளின் ஓவியங்களைக்கூட எலும்போடு ஒப்பிட்டுத் திருத்தம் சொல்ல அவர்களிடம் தனிப் பக்கம் உண்டு. கட்டுரையின் மேல் மூலையில் நட்சத்திரக் குறி இருந்தால், அது கூடுதல் பரிசீலனையைத் தாண்டி வந்தது என்று அர்த்தம். தமிழ் விக்கிபீடியாவில் படித்தால், அதே தலைப்பின் ஆங்கிலப் பக்கத்தையும் ஒருமுறை பாருங்கள். புதிய மாற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான் முதலில் ஏறுகின்றன.

எப்படியிருந்தாலும் விக்கிபீடியாவோடு நின்றுவிடாதீர்கள். வரிக்கு வரி எண் போட்டிருக்கும் மூலக் கட்டுரைகளுக்குப் போகும் வழியாக அதைப் பயன்படுத்துங்கள்.

கோவை வாசகர்: அழிந்துபோன 'வாசுகி' பாம்பு 15 மீட்டர் என்று ஒரு செய்தி, 11 மீட்டர் என்று இன்னொரு செய்தி. எது சரி?

இரண்டுமே ஒரே கட்டுரையிலிருந்து வந்தவை! குஜராத்தின் கட்ச் பகுதியில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் கிடைத்த 27 முள்ளெலும்புகளை ஆராய்ந்து, ரூர்க்கி ஐஐடி ஆய்வாளர்கள் 2024இல் 'சயின்டிஃபிக் ரிப்போர்ட்ஸ்' இதழில் எழுதினார்கள். வயது சுமார் 4.7 கோடி ஆண்டுகள். நீளத்தை இரண்டு முறைகளில் கணக்கிட்டார்கள். ஒன்றில் 10.9 முதல் 12.2 மீட்டர் வந்தது, மற்றதில் 14.5 முதல் 15.2 மீட்டர். முழு எலும்புக்கூடு கிடைக்காததால் இந்த எண்களை எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். பல தலைப்புச் செய்திகளுக்குப் பெரிய எண் மட்டும் போனது.

அந்த இதழ் இலவசம். செய்தியைப் படித்ததும் மூலக் கட்டுரையின் சுருக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் குழப்பம் தீர்ந்துவிடும்.

அதே மாணவர்: கட்டுரையைத் திறந்தால் டாலரில் காசு கேட்கிறது அண்ணா. என்ன செய்வது?

காசு கொடுக்க வேண்டாம் தம்பி. ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரில் தலைப்பைப் போட்டு, அதன் கீழே எல்லா வடிவங்களையும் காட்டும் இணைப்பை அழுத்துங்கள். பல நேரம் இலவச பிடிஎஃப் கிடைக்கும். 'அன்பேவால்' என்ற நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) உலாவியில் சேர்த்துக்கொண்டால், சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும் பிரதி இருந்தால் அதுவே காட்டிவிடும். 'பிளாஸ் ஒன்', 'பியர்ஜே', போலந்திலிருந்து வரும் 'ஆக்டா பேலியான்டாலஜிகா போலோனிகா' மூன்று இதழ்களும் முழுக்க இலவசம். நம் நாட்டு 'கரன்ட் சயின்ஸ்' இதழின் பழைய கட்டுரைகளும் கிடைக்கும். 19ஆம் நூற்றாண்டு நூல்களுக்கு 'பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி' பெரிய புதையல். எதிலும் கிடைக்கவில்லையா? கட்டுரையில் ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். மரியாதையாக நாலு வரி எழுதிக் கேளுங்கள். தன் ஆய்வை ஒருவர் படிக்க ஆசைப்படுவது அவர்களுக்குச் சந்தோஷம்தான், பலரும் அனுப்பிவைப்பார்கள்.

அப்புறம், 'பேலியோபயாலஜி டேட்டாபேஸ்' என்று ஒன்று இருக்கிறது. விலங்கின் பெயரைப் போட்டால் அதன் எச்சங்கள் எங்கெங்கே, எந்தக் காலத்துப் பாறையில் கிடைத்தன என்று வரைபடத்தில் காட்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் மூலக் கட்டுரை இணைத்திருப்பார்கள்.

மதுரை வாசகி: பெரிய ஆய்விதழில் வந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டாம்தானே?

அப்படியும் சொல்ல முடியாதும்மா. 2020 மார்ச்சில் 'நேச்சர்' இதழின் அட்டையிலேயே ஒரு சின்னஞ்சிறு மண்டையோடு வந்தது. மியான்மர் அம்பரில், அதாவது கல்லாக இறுகிய மரப்பிசினில் கிடைத்தது, பெயர் ஓகுலுடென்டாவிஸ். பறவை போன்ற மிகச்சிறிய டைனோசர் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அதே போன்ற இன்னொரு தொல்லெச்சத்தையும் ஒப்பிட்டபோது அது ஒரு பல்லி வகை என்று தெரிந்தது. ஆனால் 'உலகின் மிகச்சிறிய டைனோசர்' என்ற பழைய செய்திப் பக்கங்கள் இன்னும் தேடலில் வருகின்றன. அதனால் ஒரு கட்டுரையைப் பிடித்ததும், அதற்குப் பிறகு அதை மேற்கோள் காட்டியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். அதற்கும் கூகுள் ஸ்காலரில் இணைப்பு இருக்கிறது.

இன்னொரு வாசகர்: ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசர் நீந்தியதா இல்லையா? தளத்துக்குத் தளம் மாறுகிறதே!

ஆய்வாளர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். 2020இல் துடுப்பு போன்ற வாலை வைத்து அது நீந்தி வேட்டையாடியது என்று ஒரு குழு எழுதியது. 2022இல் இன்னொரு குழு, அது கரையோரத்தில் நின்று மீன் பிடித்த விலங்கு என்று மறுத்தது. இரண்டு தரப்பையும் சொல்லும் தளத்தை நம்புங்கள்.

பெரம்பலூர் பெற்றோர்: தோண்டும்போது முட்டை வடிவக் கல் கிடைத்திருக்கிறது. டைனோசர் முட்டையா என்று பையன் கேட்கிறான்.

உங்கள் மாவட்டத்திலேயே 2020இல் குன்னம் பக்கம் இப்படி ஒரு பரபரப்பு எழுந்தது. வாட்ஸ்அப்பில் படம் பறந்தது. கடைசியில் அவை முட்டை இல்லை என்று புவியியலாளர்கள் விளக்கினார்கள். டைனோசர் காலக் கடலில் வாழ்ந்த அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டு உயிரினங்களைச் சுற்றிக் கனிமம் படிந்து உருண்டையான கற்கள் அவை. அரியலூர் பகுதியில் 2009இல் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகச் செய்தி வந்திருந்ததால் மக்கள் எளிதில் நம்பிவிட்டார்கள்.

கல்லை உடைக்காதீர்கள், கழுவாதீர்கள். பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். கிடைத்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், இடம் தெரியாத கல்லை வைத்து ஆய்வாளரால் அதிகம் சொல்ல முடியாது. பிறகு இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகிலுள்ள கல்லூரிப் புவியியல் துறைக்கோ அனுப்புங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் படத்தைக் காட்டி வரும் பதிலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். பையனுக்கு, லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் டைனோசர் பட்டியல் பக்கத்தைக் காட்டுங்கள். ஆங்கிலம்தான், ஆனால் எளிமையானது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொன்னால் புரிந்துகொள்வான். அம்மோனைட் என்று தெரியவந்தாலும் அவனிடம் அதைக் கொண்டாடுங்கள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் உங்கள் ஊர் கடலாக இருந்ததற்கு அது நேரடிச் சாட்சி.