சன் பிக்சர்ஸ் எப்படி வந்தது? அந்தப் படங்களையெல்லாம் அவர்களே எடுத்தார்களா?

கேள்வி இதுதான்: சன் டிவி எப்போது, எதற்காக சினிமா எடுக்க வந்தது, 2008-லிருந்து வரிசையாக வந்த "சன் பிக்சர்ஸ்" படங்களையெல்லாம் அவர்களேதான் தயாரித்தார்களா?

இரண்டாவதுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. முதல் சில வருடங்களில் வந்தவற்றில் பெரும்பாலானவை அடுத்தவர் எடுத்த படங்கள். அயன், வேட்டைக்காரன் இரண்டும் ஏவிஎம் தயாரிப்பு. சிங்கம் ஸ்டுடியோ கிரீன் எடுத்தது. ஆடுகளம் ஃபைவ் ஸ்டார் பிலிம்ஸ். சன் பிக்சர்ஸ் இவற்றை வாங்கி வெளியிட்டது, அவ்வளவுதான். ஆனால் ஊரில் யாரைக் கேட்டாலும் "சன் டிவி படம்" என்றுதான் சொன்னார்கள்.

அப்போது எங்கள் பெரியப்பா வட ஆற்காடு பக்கம் ஒரு சின்ன ஊரில் தியேட்டரை லீசுக்கு எடுத்து நடத்திக்கொண்டிருந்தார். லீவு நாட்களில் டிக்கெட் கவுண்டரில் நான் உட்காருவேன். 2008 செப்டம்பர் கடைசியில் 'காதலில் விழுந்தேன்' வந்தது. நகுல், சுனைனா. பெரிய நடிகர் யாரும் கிடையாது. இந்த மாதிரிப் படத்துக்கு எங்கள் ஊரில் முதல் காட்சி பாதி நிரம்பினாலே அதிசயம். அன்றைக்கு கேட்டுக்கு வெளியே ரோடு வரைக்கும் ஆள். ஒரு அம்மா கவுண்டர் ஓட்டைக்குள் கையை விட்டு ரூபாயை நீட்டி, படத்தின் பேரைக்கூடச் சொல்லாமல், "டிவில போடறாங்களே நாக்க முக்க, அதுக்கு நாலு குடுப்பா" என்றார். ராத்திரி கல்லாவை எண்ணிக்கொண்டே பெரியப்பா சொன்னார்: "இனிமே போஸ்டர் ஒட்டற வேலை நமக்கு இல்லடா. வீட்டுக்குள்ளயே ஒட்டிட்டானுங்க."

கொஞ்சம் பின்னால் போகலாம். சன் டிவி தொடங்கியது 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று. அதைத் தொடங்கிய கலாநிதி மாறன் அதற்கு முன்பே 'பூமாலை' என்று வீடியோ கேசட்டில் ஒரு பத்திரிகை நடத்தினார். டிவி வந்த நாளிலிருந்தே அதற்குத் தீனி சினிமாதான். பாட்டு, காமெடி, ஞாயிற்றுக்கிழமைப் படம், பண்டிகை என்றால் புதுப்படம். ஒரு படத்தின் டிவி உரிமையை வாங்கி வைத்துக்கொண்டால் வருடக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடலாம். 2001-ல் சினிமாவுக்கென்றே கேடிவி வந்தபோது இந்தத் தீனி இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது. இடையில் 2000-வாக்கில் ராதிகா, ரகுவரன் நடித்த 'சிறகுகள்' என்று டிவிக்காகவே ஒரு படம் எடுத்துப் பார்த்தார்கள். சன் பிக்சர்ஸ் என்ற பேரின் ஆரம்பம் அதுதான். அப்புறம் பல வருடம் அந்தப் பேர் தூங்கியது.

அதற்குள் வீடு பெரிதாகிவிட்டது. தெலுங்கில் ஜெமினி, கன்னடத்தில் உதயா, மலையாளத்தில் சூர்யா, ரேடியோவில் சூரியன் எஃப்எம், 2005-ல் தினகரன் நாளிதழ், ஏற்கெனவே கையில் இருந்த குங்குமம். 2006-ல் சன் டிவி பங்குச் சந்தைக்கும் வந்துவிட்டது. சன் பிக்சர்ஸ் தனிக் கம்பெனி என்று பலர் நினைக்கிறார்கள். அது அந்த சன் டிவி நெட்வொர்க்கின் ஒரு பிரிவுதான்.

இப்போது 2008 கணக்கைப் பாருங்கள். ஒரு சின்னத் தயாரிப்பாளர் கடன் வாங்கிப் படத்தை முடிக்கிறார். விளம்பரத்துக்குக் கையில் காசு இருக்காது. வெள்ளிக்கிழமை பேப்பரில் கால் பக்கம், சுவரில் போஸ்டர், ஆட்டோவில் மைக், முடிந்தது. டிவியில் 30 நொடி வேண்டுமென்றால் நொடிக்குக் காசு. சன் பிக்சர்ஸுக்கு அந்த நொடி சொந்தச் சரக்கு. செய்திக்கு நடுவில், சீரியலுக்கு நடுவில், நாள் முழுக்கப் போடலாம். எல்லோரும் இதை ஓசி விளம்பரம் என்பார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. அதே நொடியை ஒரு சோப்புக் கம்பெனிக்கு விற்றிருந்தால் பணம் வந்திருக்கும் அல்லவா? விட்ட பணமும் செலவுதான். ஆனால் அந்தச் செலவுக்குத் தியேட்டர் வசூலும் வருகிறது, படமும் காலத்துக்கும் கேடிவிக்குச் சொந்தமாகிறது. விற்காமல் கிடக்கும் நேரமாக இருந்தால் இன்னும் லாபம். இந்த வித்தையைத்தான் அவர்கள் கண்டுபிடித்தார்கள். மற்றபடி நல்ல கதையைத் தேடிப்பிடிப்பதில் பெரிய ஞானம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

முதல் படத்திலேயே ஒரு சங்கடமும் நடந்தது. கலைஞர் குடும்பமும் மாறன் சகோதரர்களும் பிணங்கியிருந்த சமயம் அது. மதுரைப் பக்கத் தியேட்டர்களில் 'காதலில் விழுந்தேன்' வரவில்லை என்பதே பெரிய செய்தியானது. அந்த டிசம்பரில் குடும்பம் ஒன்று சேர்ந்துவிட்டது.

தெனாவட்டு, திண்டுக்கல் சாரதி, படிக்காதவன், மாசிலாமணி, கண்டேன் காதலை... 2011 தொடக்கத்துக்குள் ஏறக்குறைய இருபது படங்கள். சன் டிவியின் டாப் டென் நிகழ்ச்சியில் முதலிடம் யாருக்கு என்று எங்கள் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிட்டுச் சிரிப்போம். ஆனால் விளம்பரத்துக்கும் ஒரு எல்லை உண்டு. 'சுறா' விஜய்க்கு 50-ஆவது படம், விளம்பரம் போட்டுத் தாளித்தார்கள், தியேட்டரில் நிற்கவில்லை. ஒரே மாதத்தில் 'சிங்கம்' வந்தது, அதே டிவி, அதே விளம்பரம், படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. முதல் மூன்று நாளைக்குத்தான் டிவி ஆள் பிடித்துத் தரும். திங்கட்கிழமை மேட்னிக்கு வர வேண்டியது படத்தைப் பார்த்தவன் சொல்லி அனுப்புகிற ஆள்.

எந்திரன் கதை வேறு. ஐங்கரனும் ஈராஸும் சேர்ந்து தொடங்கிய படம். 2008-ல் உலகமெங்கும் பண நெருக்கடி வந்தபோது அது தடுமாற, சன் பிக்சர்ஸ் ஏற்றுக்கொண்டது. வாங்கி விற்பது என்றில்லாமல், சொந்தப் பணத்தைப் போட்டு அவர்கள் எடுத்த முதல் பெரிய தியேட்டர் படம் அதுதான். செலவு 132 கோடி என்று பத்திரிகைகள் எழுதின. பாட்டு வெளியீடு கோலாலம்பூரில், படம் 2010 அக்டோபர் 1-ல் தமிழ், தெலுங்கு, இந்தி மூன்றிலும். பங்குச் சந்தைக் கம்பெனி என்பதால், ரஜினி படத்தின் வருமானம் காலாண்டுக் கணக்கில் ஏறியது. தமிழ் சினிமா வசூல் என்றாலே ஆளுக்கொரு எண் சொல்லும் ஊரில் இது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. அடுத்த பொங்கலுக்கு வந்த ஆடுகளம் 6 தேசிய விருதுகளை வாங்கியது.

2011 மே மாதம் திமுக ஆட்சி போய் அதிமுக ஆட்சி வந்தது. செப்டம்பரில் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தது. சன் பிக்சர்ஸ் பேர் திரையில் அபூர்வமாகிவிட்டது. மறுபடி முழு வேகத்தில் பார்த்தது 2018 தீபாவளிக்கு, 'சர்கார்' படத்தில். இலவசப் பொருட்களைத் தீயில் போடும் காட்சிக்கு அதிமுகவினர் எதிர்ப்புத் தெரிவித்து, பின்னர் சில இடங்கள் வெட்டப்பட்டன. அப்புறம் பேட்ட, காஞ்சனா 3, நம்ம வீட்டுப் பிள்ளை, அண்ணாத்த, பீஸ்ட், திருச்சிற்றம்பலம், 2023-ல் ஜெயிலர், 2024-ல் ராயன், 2025-ல் கூலி. ஜெயிலர் ஓடிய ஓட்டத்தில் ரஜினிக்கும் நெல்சனுக்கும் அனிருத்துக்கும் கார் கொடுத்த வீடியோவைப் பார்க்காதவர் குறைவு.

இந்த இரண்டாவது சுற்றை முதல் சுற்றோடு சேர்த்துப் பேசுவது சரியில்லை என்பது என் எண்ணம். இப்போது ஏறக்குறைய எல்லாப் படத்தையும் அவர்களே எடுக்கிறார்கள், பெரும்பாலும் பெரிய நடிகரை வைத்து. டிவி நொடிக்கு அந்தப் பழைய மதிப்பு இல்லை. பாட்டு முதலில் யூடியூபில்தான் வெடிக்கிறது. 'காவாலா'வை என் பொண்ணு போனில் பார்த்துத்தான் ஆடினாள், டிவியில் பார்த்து அல்ல. சன் நெக்ஸ்ட் என்று 2017-லேயே சொந்த ஆப் வைத்திருந்தும் பீஸ்ட்டை நெட்ஃபிளிக்ஸுக்கும் கொடுத்தார்கள், ஜெயிலரும் கூலியும் அமேசான் பிரைமுக்குப் போயின. அங்கே விலை பேசப் பெரிய முகம் வேண்டும். நகுல், சுனைனா மாதிரி அப்போது பெரிய பேர் இல்லாதவர்களை வைத்த படத்தைத் தூக்கிக் கொண்டாட இன்று அவர்களுக்குக் காரணம் இல்லை.

எது யார் தயாரிப்பு என்று சந்தேகம் வந்தால், டைட்டில் கார்டில் நிதானமாகப் படியுங்கள். "வழங்கும்" என்று பெரிய எழுத்தில் ஒரு பேர் வரும். "தயாரிப்பு" என்று பின்னால் ஒரு பேர் வரும். பெரியப்பா இரண்டாவதைத்தான் பார்ப்பார், ஏனென்றால் ஏதாவது தகராறு என்றால் அந்த ஆளைத்தான் போனில் பிடிக்க முடியும் என்பார்.