கடலை விதை ஸ்பெக்கிள்: 300 பிரேமுக்கு லூப் முடியவில்லை, படமும் திட்டுத்திட்டாக வருகிறது
விதைமேல் லேசர் அடித்தால் தெரியும் மினுமினுப்புப் புள்ளிகள்தான் ஸ்பெக்கிள்; உயிருள்ள விதையில் அவை மாறிக்கொண்டே இருக்கும். அந்த மாற்றத்தை அளக்க, ஒவ்வொரு பிக்சலிலும் எல்லா பிரேம் (வீடியோவின் தனிப்படம்) ஜோடிகளின் வித்தியாசத்தையும் குறி பார்க்காமல் கூட்டுகிறீர்கள். அதற்கு ஜோடி ஜோடியாகக் கழிக்கவே வேண்டாம். 300 பிரேமுக்கு 44,850 ஜோடி. அந்த லூப் இரவெல்லாம் ஓடத்தான் செய்யும். ஒவ்வொரு பிக்சலின் 300 மதிப்புகளையும் ஏறுவரிசையில் அடுக்கி, முதலாவதை −299, அடுத்ததை −297 என்று கடைசியை +299 வரை பெருக்கிக் கூட்டுங்கள். தோராயமல்ல, அதே விடைதான்.

திட்டுகளுக்குக் காரணம் அநேகமாக 8 பிட் கழித்தல்: அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும், மைனஸ் கிடையாது; அதனால் 3−5 என்பது 254 ஆகிவிடும். 32 பிட்டுக்கு மாற்றுங்கள், 16 போதாது. 5 பிரேமை மட்டும் இரண்டு வழியிலும் போட்டுப் பாருங்கள் (பெருக்கும் எண்கள் −4, −2, 0, 2, 4). ஒரு பிக்சல்கூட மாறக்கூடாது.

ஆனால் இந்த முறை பிரேம் வரிசையைப் பார்ப்பதில்லை. லேசர் சூடேறி வெளிச்சம் மெல்ல மாறினாலும் உயிரோட்டம் என்றே எண்ணும். விதைக்குப் பக்கத்தில் உப்புத்தாளால் தேய்த்த தகரத் துண்டு ஒன்றை வையுங்கள். அதுவும் 'முளைத்தால்', அதாவது படத்தில் உயிரோட்டம் காட்டினால், காரணம் லேசரோ மேசை அதிர்வோதான். கடலூர் வெயிலில் கஷ்டம்தான், இருந்தாலும் ஃபேனை நிறுத்திவிட்டு எடுங்கள்.